கார்பன் ரிம்முக்கு எந்தப் பிரேக் கட்டை?

சாலைச் சைக்கிள் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு, உலகச் சைக்கிள் பந்தயச் சங்கமான யூசிஐ 2018 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. அதன் பிறகு பந்தய அணிகள், வீலின் விளிம்பான ரிம்மையே கட்டையால் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக்கை ஒவ்வொன்றாகக் கைவிட்டன, ரிம் பிரேக்குக்கான நல்ல கார்பன் வீல்கள் பழைய பொருள் சந்தைக்கு வரத் தொடங்கின. ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த வீல் இன்று பேரம் பேசி வாங்கும் விலையில் கிடைக்கிறது. ஆனால் புதிதாக விற்றபோது அதோடு ஒரு சின்னப் பெட்டியில் கொடுத்த பிரேக் கட்டை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். வாங்கியவர் அலுமினிய வீலில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கட்டையை அப்படியே விட்டுவிட்டு, வீலை மட்டும் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இரண்டு விதத்தில் இது தப்பு. அலுமினிய ரிம்மைத் தேய்த்த கட்டையைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளிப் புள்ளிகள் மினுங்கும். ரிம்மிலிருந்து உரிந்த உலோகத் துணுக்குகள் அவை, சில அரிசி நொய் அளவுக்குக்கூட இருக்கும். கார்பன் ரிம்மில் அவை உழுவது போலக் கோடு இழுத்துவிடும். கோடு இழுத்த இடத்தில் மேலே இருக்கும் பிசின் போய் நார் வெளியே தெரியும். அதை மெருகேற்றிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் அலுமினியத்தில் ஓடிய கட்டை, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், கார்பனுக்கு ஆகாது. கார்பனுக்கு உரிய கட்டையையே ஒரு மாதம் அலுமினிய வீலில் ஓட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாலும் இதே கதிதான்.

இரண்டாவது தப்பு வெப்பம். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கட்டை என்ற கேள்விக்கு விடையே அங்கேதான் இருக்கிறது.

வெப்பம் எங்கே போகிறது

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் சுமார் 83 கிலோஜூல். சாதாரண வெப்பத்தில் இருக்கும் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது தாராளம். பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலைப்பாதை 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8.1 சதவீதம், 21 வளைவுகள், உயரம் 1,100 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே உச்சியிலிருந்து அடிவாரம் வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். ஒரு பங்கு காற்றில் போகும், கொஞ்சம் டயர் உருளுவதில் போகும், மிச்சம் முழுக்க ரிம்மிலும் கட்டையிலும்.

பிரேக்குக்குப் போகும் பங்கு வேகத்தைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். 10 சதவீதச் சரிவில், உடலை நிமிர்த்தி உட்கார்ந்து, மணிக்கு 15 கிலோமீட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ஆற்றலில் 90 சதவீதம் பிரேக்குக்குப் போகும். 30 கிலோமீட்டரில் இறங்கினால் முக்கால் பங்குக்குச் சற்று மேல். 60 கிலோமீட்டரில் கால் பங்குதான், மீதியைக் காற்றே பிடித்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு யாரும் மலையில் 60-ல் பறக்க வேண்டாம். பயத்தில் மெதுவாக, விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குபவரின் ரிம்தான் அதிகம் வேகிறது என்பதற்காகச் சொல்கிறேன். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் வேகம் எடுக்க இடமே இல்லை. அதாவது காற்று உதவிக்கு வராது, கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்கின் தலையில்தான். கார்பன் ரிம்முக்கு இதைவிடக் கடினமான சோதனை வைக்க முடியாது.

அலுமினிய ரிம் இந்த வெப்பத்தை உடனே உள்வாங்கி வட்டம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்மில் நாரும் எப்பாக்சிப் பிசினும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்குகளுக்குக் குறுக்காக வெப்பம் கடக்கும் வேகம் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பம் மேற்பரப்பிலேயே தேங்கி நிற்கிறது. பிசினுக்கு ஒரு எல்லை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடி போல விறைப்பாக இருப்பது, அதைத் தாண்டினால் ரப்பர் போல இளகத் தொடங்கும். ரிம் விளம்பரங்களில் டி.ஜி என்று போட்டிருப்பது இதைத்தான். வீல் கம்பெனியான மேவிக் தன் கார்பன் ரிம் தொழில்நுட்பத்துக்கு ஐடிஜிமேக்ஸ் என்று பெயர் வைத்ததும், ரெனால்ட்ஸ் தன் பிரேக் பரப்பை சிடிஜி என்று அழைத்ததும் இந்த எழுத்துகளை வைத்துத்தான். சாதாரண எப்பாக்சிக்கு இந்த எல்லை 120 முதல் 180 டிகிரிக்குள் அமையும். பிரேக் பரப்புக்கென்றே செய்த பிசின்கள் 200-ஐத் தாண்டும்.

பிசின் இளகும் நேரத்தில் டயரில் காற்று முழு அழுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும். டியூப் வைத்த டயர் என்றால் ரிம்மின் இரு உதடுகளையும், அதாவது டயரைப் பிடித்திருக்கும் விளிம்புகளை, அது வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இளகிய உதடு வெளியே பிதுங்குகிறது. ஒரு இடத்தில் பிதுங்கினால் சுற்றுக்கு ஒரு முறை கட்டை அங்கே இடிக்கும், அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் பிதுங்கும். கடைசியில் அடுக்கு பிரியும், இல்லையென்றால் டயர் கழன்று டியூப் வெடிக்கும். ரிம்மில் பசையால் ஒட்டும் ட்யூபுலர் டயரில் இந்தத் தள்ளல் கிடையாது, அதனால் ரிம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அங்கே டயரைப் பிடித்திருக்கும் பசை இளகும். தப்பித்தோம் என்று நினைக்க இடமில்லை.

இப்போது கட்டைக்கு வருவோம். சாதாரண ரப்பர் கட்டை கார்பனில் முதலில் நன்றாகவே பிடிக்கும், சொல்லப்போனால் வெடுக்கென்று அதிகமாகப் பிடிக்கும். ரிம் வெப்பத்தை வாங்காததால் அது கட்டைக்குள் ஏறுகிறது. ரப்பர் இளகி ரிம்மில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்தில் உராய்வு கூடும், அங்கே வெப்பமும் கூடும். கார்பனுக்கான கட்டை இதற்கு நேர்மாறான எண்ணத்தில் செய்தது: உராய்வைச் சற்றுக் குறைத்து, வெப்பம் ஏறினாலும் இளகாமல், தேய வேண்டிய நேரத்தில் ரிம்முக்குப் பதிலாகத் தானே தூளாகத் தேய்ந்து போவது. நல்ல கார்பன் கட்டை சீக்கிரம் தேய்கிறது என்று குறை சொல்பவர்கள், தேய்வது எது என்பதை யோசிக்க வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள்

நிறத்தைச் சொல்லிக் கட்டை வாங்குவது பரவலான பழக்கம். ஒரே கம்பெனிக்குள் அது செல்லும், கம்பெனி மாறினால் செல்லாது. ஸ்விஸ்ஸ்டாப்பின் நீல நிற பிஎக்ஸ்பி அலுமினியத்துக்கு. ரெனால்ட்ஸின் நீல நிற க்ரையோ ப்ளூ கார்பனுக்கு. கூல்ஸ்டாப்பின் செம்மண் நிறக் கட்டை அலுமினியத்துக்கு, கம்பக்னோலோவின் சிவப்புக் கட்டை கார்பனுக்கு. "நீலம் ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் எது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம்தான்.

ரிம்மையும் நிறத்தால் கணிக்க முடியாது. மேவிக்கின் எக்ஸாலித் ரிம் கறுப்பு, வரிவரியாக இருக்கும், பலர் அதைக் கார்பன் என்று நினைக்கிறார்கள். அது மேற்பரப்பைக் கடினப்படுத்திய அலுமினியம், அதற்கென்றே தனிக் கட்டை உண்டு. உயரமான கறுப்பு வீல் எல்லாமே முழுக் கார்பனும் இல்லை. மேவிக்கின் பழைய காஸ்மிக் கார்பனே வகையிலும், ஷிமானோவின் சி35, சி50 டியூப் டயர் வீல்களிலும் பிரேக் பிடிக்கும் பட்டை அலுமினியம், கார்பன் அதற்குக் கீழேதான். அவற்றுக்குக் கார்பன் கட்டை போட்டால் ரிம் கெடாது, ஆனால் பிடிப்பு ஏமாற்றும். பிரேக் பரப்பில் நகத்தால் ஒரு கீறு கீறி, நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நெசவோ நாரோ தெரியாமல் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்து, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு இணைப்புக் கோடும் தெரிந்தால் அது உலோகம்.

ரிம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் மீதி சுலபம். தயாரித்தவர் எந்தக் கட்டையைச் சொல்கிறாரோ அதைப் போடுங்கள். இது சோம்பேறித்தனமான ஆலோசனை போலத் தெரியும். ஆனால் பிசின், மேற்பரப்பு, கட்டை மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் அவர்கள் சோதிக்கிறார்கள், உத்தரவாதமும் அந்தக் கூட்டணிக்குத்தான். மேவிக்கின் ஐடிஜிமேக்ஸ் ரிம்முக்கு ஸ்விஸ்ஸ்டாப்பின் மஞ்சள் கட்டை. ரெனால்ட்ஸ் சிடிஜி ரிம்முக்கு க்ரையோ ப்ளூ. ஜிப் ரிம்முக்கு டேன்ஜென்ட் ப்ளாட்டினம் ப்ரோ ஈவோ. கம்பக்னோலோ போராவுக்கும் அதன் தம்பியான ஃபல்க்ரம் வீல்களுக்கும் அந்தக் கம்பெனியே விற்கும் கட்டை. என்வி ரிம்மில் பிரேக் பரப்பே வார்ப்பில் சொரசொரப்பாக வருவதால் அதற்கு அவர்களுடைய கட்டைதான் பொருந்தும். ஜிப்பின் ஷோஸ்டாப்பர் பரப்பும் அப்படித்தான். இந்தச் சொரசொரப்பு ரிம்கள் ஈரத்தில் அருமையாகப் பிடிக்கும், பதிலுக்குக் கட்டையை அரம் போல அராவித் தின்னும்.

பழைய வீல், கம்பெனி கட்டை எங்கும் கிடைக்கவில்லை, அல்லது பெயரே இல்லாத வீல் என்றால் என் தேர்வு ஸ்விஸ்ஸ்டாப்பின் ப்ளாக் பிரின்ஸ். அதே கம்பெனியின் மஞ்சள் கட்டையைவிட இது ரிம்மைக் குறைவாகச் சூடாக்குகிறது, ரிம்மில் குறைவாக அப்புகிறது. விலை கூடுதல்தான். கார்க் கட்டைகளும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. ரிம்முக்கு மென்மையானவை, ஆனால் மழையில் பிடிப்பு பரிதாபம், தேய்மானமும் அதிகம். வேறு வழியில்லாத ரிம்முக்கு மட்டும்தான் அவற்றைச் சொல்வேன். பெயரில்லாத வீலில் இன்னொரு எச்சரிக்கை: பிசினின் எல்லை என்ன என்று விற்றவர் சொல்வதைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. சமவெளியில் ஓட்டுங்கள். மலை இறக்கத்துக்கு அலுமினிய வீலை மாட்டிக்கொள்ளுங்கள். 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கு, வீல் எந்தக் கம்பெனி என்றாலும், இதையே சொல்வேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, கட்டையைச் செருகும் உலோக உறையின் வடிவம். ஷிமானோ, ஸ்ராம் உறைகளுக்கு ஒரே கட்டை பொருந்தும், கம்பக்னோலோ உறைக்கு வடிவம் வேறு. ஸ்விஸ்ஸ்டாப்பில் முன்னதற்கு ஃப்ளாஷ்ப்ரோ, பின்னதற்கு ரேஸ்ப்ரோ என்று பெயர். ஒரு சைக்கிளுக்கு நான்கு கட்டை வேண்டும். சில பாக்கெட்டில் நான்கு இருக்கும், சிலதில் இரண்டுதான் இருக்கும். விலையை ஒப்பிடுமுன் இதை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு செட் சேர்த்தே வாங்கி வைப்பது நல்லது. ரிம் பிரேக் சாமான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டுதான் போகும்.

மாட்டுவது

உறையில் ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் சைக்கிளின் முன்னால் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னோக்கி இழுக்கிறது, மூடிய முனைதான் அதைத் தாங்கி நிறுத்துகிறது. இடது வலது மாறி, திறந்த பக்கம் முன்னால் வந்துவிட்டால் முதல் பலத்த பிரேக்கிலேயே கட்டை வழுக்கி வெளியே பறந்துவிடும். பிறகு கார்பனில் உரசுவது வெறும் உலோக உறை. ஷிமானோ உறையில் கட்டையைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னத் திருகு உண்டு, 2 மி.மீ. எல்-கீ போதும். அதை இறுக்க மறக்காதீர்கள், ஆனால் முறுக்கிக் கெடுக்கவும் வேண்டாம். கட்டை உள்ளே போக அடம்பிடித்தால் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுத் தள்ளுங்கள். எண்ணெயோ சோப்போ வேண்டாம்.

புதுக் கட்டை போடுமுன் ரிம்மைத் துடைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை. பழைய கட்டையின் அப்பல் மேல் புதுக் கட்டை ஓடினால் இரண்டு கலவையும் சேர்ந்து கீச்சிடும். ரிம்மில் உப்புத்தாள் போடவே கூடாது. உப்புத்தாள் கட்டைக்குத்தான்.

உறையைப் பிடிக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்திக்கொண்டு உயரத்தைச் சரி பாருங்கள். கட்டை முழுக்க பிரேக் பரப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மேலே டயரைத் தொட்டால் டயர் பக்கவாட்டில் அறுந்துபோகும். கீழே இறங்கினால் கட்டையின் விளிம்பில் தேயாத உதடு ஒன்று தொங்கும். ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து 1 மி.மீ. ஆவது விட்டு வையுங்கள், ரிம்மில் பலவீனமான இடம் டயரைப் பிடிக்கும் அதன் உதடுதான். கட்டை தேயத் தேயக் கட்டைகளை ரிம்மில் அழுத்தும் காலிப்பரின் கை வில்லாக நகர்ந்து கட்டை ரிம்மில் படும் இடம் மாறும், அதனால் மாதம் ஒரு முறை இதைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது சாய்வு. கட்டையின் முன் முனை ரிம்மை முதலில் தொட வேண்டும், பின் முனை அரை முதல் ஒரு மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பழைய விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துக் கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகுங்கள். பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை இறுக்கி, கார்டை உருவிவிடுங்கள். உறையோடு வரும் குழிந்த வாஷரும் குவிந்த வாஷரும் இந்தச் சாய்வுக்காகத்தான், கழற்றும்போது வரிசை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். கார்பன் ரிம்மின் கீச்சல் சாலையின் அந்தக் கோடி வரை கேட்கும். பத்தில் எட்டு கீச்சலுக்குக் காரணம் இந்தச் சாய்வு இல்லாததும் துடைக்காத ரிம்மும்தான்.

அகலம் இன்னொரு தொல்லை. பழைய அலுமினிய ரிம்மின் வெளி அகலம் 19, 20 மி.மீ. இருக்கும். புதிய கார்பன் ரிம் 26, 27 கூட வரும். பக்கத்துக்கு 3 மி.மீ. வித்தியாசம். இரண்டு வீலையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் கேபிளை அகலமான ரிம்முக்கு வைத்து, அலுமினிய வீல் மாட்டும்போது கேபிளை இறுக்கும் பேரல் திருகால் இழுத்துக்கொள்ளலாம். அது போதாவிட்டால் கேபிள் போல்ட்டையே அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். வீலைக் கழற்ற வசதியாகக் கட்டைகளை விலக்கும் காலிப்பரின் விரைவுத் திறப்பைப் பாதி திறந்து வைத்து ஓட்டும் குறுக்குவழியை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

பிறகு பழக்குவது. ஆளில்லாத சமவெளியில் 30-லிருந்து 10-க்கு மெதுவாகக் குறைப்பது, விட்டு ஆறவைப்பது, மறுபடி. பத்துப் பதினைந்து தடவை. புதுக் கட்டையோடு நேராக மலைக்குப் போவது, சமமாகப் படாத கட்டையின் ஒரு மூலையில் முழு வெப்பத்தையும் கொட்டுவதுதான்.

இறங்கும்போதும் இறங்கிய பின்னும்

வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். விட்ட அந்த இரண்டு மூன்று நொடிதான் ரிம் ஆறும் நேரம். நேரான நீண்ட சரிவில் உடலை நிமிர்த்தி மார்பைக் காற்றுக்குக் கொடுங்கள், அதுவும் ஒரு பிரேக்தான், தேய்மானம் இல்லாதது. பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்தபடியே இறங்குவது மிக மோசமான பழக்கம். கார்பன் ரிம்முக்கு லேடக்ஸ் டியூபைப் பல கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்வதும் இந்த வெப்பத்தால்தான். பியூட்டைல் ரப்பர் டியூப் போட்டுக்கொள்ளுங்கள், ரிம்மில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தொடாதீர்கள்.

மழையில் மழமழப்பான கார்பன் பரப்பு முதலில் பிடிக்கவே பிடிக்காது. நீர்ப் படலத்தைக் கட்டை துடைத்து முடித்த பிறகுதான் பிடிப்பு வரும், அதுவும் திடீரென்று வரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதம் என்பது 8 மீட்டர். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொண்டு, பிடிப்பு வந்ததும் லீவரைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

மழையில் ஓட்டி வந்த அன்றே கட்டையைப் பாருங்கள். மணலோ சல்லித் துணுக்கோ பதிந்திருந்தால் ஊக்கு முனையால் நெம்பி எடுங்கள். மேற்பரப்பு கண்ணாடி போல மினுமினுத்தால் அது சூட்டில் இறுகியிருக்கிறது. தட்டையான பலகையில் உப்புத்தாளை விரித்து, கட்டையை அதன்மேல் நாலு தடவை இழுத்தால் சரியாகும். கட்டையின் வெட்டுக்கோடுகள் மறையும் நிலைக்கு வந்தால் மாற்றிவிடுங்கள், உறை தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

ரிம்மைச் சோதிக்க, அகலம் அளக்கும் வெர்னியர் ஒன்று போதும். டயரில் காற்று இருக்கும்போது, வால்வில் தொடங்கிச் சுற்றிலும் எட்டு இடத்தில் பிரேக் பரப்பின் அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். பழைய வீல் வாங்குபவர்கள் பணம் கொடுக்குமுன் இதைச் செய்ய வேண்டும். எல்லா இடமும் ஒன்றாக இருந்து ஒரே ஒரு இடம் அரை மி.மீ. அகலம் கூடியிருந்தால் அந்த வீல் ஒரு முறை வெந்திருக்கிறது. காசால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் அதே இடத்தில் ஓசை மந்தமாகக் கேட்கும். ஓட்டும்போது பிரேக் லீவர் சுற்றுக்கு ஒரு துடிப்பு துடித்தாலும் காரணம் அங்கேதான் இருக்கலாம். கடையில் அதைக் கோட்டம் என்று சொல்லி ஸ்போக்கை முறுக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஸ்போக்கை முறுக்கி ரிம்மை இடது வலது நகர்த்தலாம், பிதுங்கிய உதட்டை உள்ளே தள்ள முடியாது.